மாமியார் முடிந்துவைத்த கூடு காசு

என் கையில் ஒரு ஐந்து ரூபாய் காசு இருந்தது. எதிரே ஐம்பது பேர் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

காவாந்தண்டலத்தில் என் மாமியார் புது வீடு கட்டிக் குடிபோன நாள் அது. பந்தலில் வடை வாசனை. மைக் செட் நடுநடுவே கொய்ங் என்றது. நான் கட்டைவிரல் நகத்தால் அந்தக் காசின் விளிம்பைக் கீறிக்கொண்டிருந்தேன். திறக்கவில்லை.

"இத்த பாருங்க, இது ஒரு காசு இல்ல, ரெண்டு. ஒன்னுக்குள்ள ஒன்னு கீது. நான்தான் லேத்துல கடைஞ்சேன்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். சொன்னவன் திறந்து காட்ட வேண்டும் அல்லவா? நகம் பிய்ந்தது. பல்லால் கடித்துப் பார்த்தேன்.

"மெதுவா மாமா, முய்ங்கிடப் போற" என்று பின்வரிசையில் யாரோ சொன்னார்கள். சிரிப்பு இன்னும் பெரிதானது. அந்தச் சிரிப்பில் என் மனைவி செல்வியின் சிரிப்பும் இருந்தது. ஐம்பது பேர் சிரித்ததை மறந்துவிடலாம். அதை மறக்க முடியவில்லை.

காசு திறக்காததற்கு வேறு யாரையும் குறை சொல்ல முடியாது. அவ்வளவு நன்றாகச் செய்திருந்தேன்.

கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்

இந்த வாரம் இதை எழுதலாமா, கூடாதா என்று பல நாள் குழம்பினேன். எழுதினால் யாருக்காவது மனம் கஷ்டப்படுமோ, போலீஸ் வருமோ, பத்திரிகைக்காரர்களுக்குத் தொல்லையாகுமோ என்று வரிசையாகப் பயம். கடைசியில் சம்பந்தப்பட்டவர்களிடம் நேரில் போய்க் கேட்டுவிட்டேன்.

லதா செல்வியின் தங்கை. முழுக்கதையையும் அவளிடம் சொன்னேன். தன் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தவள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். குழந்தையின் வாயைத் துடைத்தாள். பிறகு, "எய்துங்க மாமா. ஆனா அவர வுட உங்கள பெரிய ஆளா எய்திடாதீங்க" என்றாள்.

பார்த்தீர்களா. அனுமதி கொடுக்கும்போதுகூட புருஷன் பக்கம்.

அந்தப் புருஷன்தான் சேகர், என் சகலை. அவன், "எய்துண்ணே. இப்போ செல்போன்லயே அல்லாத்தையும் காட்டிக்கினு கீறானுங்கோ. இதுல இன்னா ரகசியம்" என்றான். அந்தப் பெருந்தன்மையும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

மாமியாருக்குப் படிக்கத் தெரியாது. காவாந்தண்டலத்தில் இந்தப் பத்திரிகையை வாங்குகிறவர்கள் தயவுசெய்து அவருக்குப் படித்துக் காட்டாதீர்கள். இந்தப் பக்கத்தைக் கிழித்து வடை மடித்துவிட்டால் இன்னும் நல்லது.

வெள்ளைக் கை, எண்ணெய்க் கை

அக்கா தங்கையைக் கட்டிய இரண்டு பேரில் ஒருவன் எப்போதும் அளவுகோலாக இருப்பான், இன்னொருவன் அளக்கப்படுவான். எங்கள் குடும்பத்தில் அளவுகோல் சேகர்.

அவன் பி.காம். நான் எட்டாவதோடு நின்று லேத்துப் பட்டறைக்குப் போனவன். அந்தக் கதையை முன்பே எழுதிவிட்டேன். அவன் காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் புடவை விரித்துக் காட்டுகிறான். நான் உத்திரமேரூரில் பம்புசெட் ஷாஃப்டுக்குத் தேய்மானம் பார்க்கிறேன். அவன் விரல்கள் நீளம், நகம் சுத்தம். பட்டின்மேல் படுகிற கை அப்படித்தான் இருக்கவேண்டுமாம். என் கையை எத்தனை முறை சோப்பு போட்டுக் கழுவினாலும் ரேகைக்குள் கறுப்பு நிற்கும்.

விருந்துக்குப் போனால் ஈரல் அவன் இலைக்கு விழும். எனக்குக் கழுத்து. "மாப்ளைக்குக் கயுத்து புடிக்கும்" என்பார் மாமியார். யார் சொன்னது?

இதற்கெல்லாம் மேலே அவனுக்கு மேஜிக் வேறு தெரியும். பள்ளி ஆண்டு விழா, காது குத்து, கிறிஸ்துமஸ் மரம், எங்கே கூப்பிட்டாலும் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு போவான். அவன் வருகிறான் என்றால் செல்வி தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு முதல் வரிசையில் உட்காருவாள். என் பட்டறைக்கு அவள் வந்தது இரண்டே முறை. இரண்டு முறையும் சாவி வாங்க.

ஒரு தௌ

கொரோனா முடிந்து மறுபடி விழாக்கள் ஆரம்பித்த சமயம் ஒரு மத்தியானம் சேகர் பட்டறைக்கு வந்தான். சென்னையில் ஒரு மேஜிக் சாமான் கடையில் வாங்கிய காசு, பஸ் சக்கரத்தில் மாட்டி நசுங்கிவிட்டது. "இத்த நிமித்திக் குடுக்க முடியுமாண்ணே?"

கையில் வாங்கிப் பார்த்தேன். வெளியே பார்த்தால் சாதாரணக் காசு. திருப்பினால் உள்ளே குடைந்திருந்தது, சின்னக் கிண்ணம் மாதிரி. அந்தக் கிண்ணத்துக்குள் இன்னொரு காசு போய் உட்காரும். உட்கார்ந்தால் ஒரே காசு. எடுத்தால் இரண்டு. அவ்வளவுதான் வித்தை. பட்டறையில் நாங்கள் வெளிக்காசைக் கூடு என்றும் மற்றதை உள்காசு என்றும் பெயர் வைத்தோம்.

வேலை மட்டம். கூட்டின் சுவர் ஒரு பக்கம் தடிப்பு, ஒரு பக்கம் மெலிவு. "இத்த நிமித்தறதுக்கு புதுசாவே செய்யலாம்" என்று சொல்லிவிட்டேன். யார் கேட்டது? வாய்தான்.

பழைய பருமனான ஐந்து ரூபாய் காசுகளைத் தேடிப் பிடித்தோம். இப்போது அவை அகப்படுவதே அபூர்வம். உருக்கிப் பிளேடு செய்ய யாரோ கடத்திக்கொண்டு போய்விட்டதாக டீக்கடையில் சொல்வார்கள். காசை லேத்தில் கடிக்கவைக்க பித்தளையில் தனியாக ஒரு புஷ், அதாவது காசைச் சுற்றிப் பிடிக்கும் உறை, செய்தேன். எத்தனையோ காசு கிழிந்துபோனது. கடைசிக் காசில் கூட்டின் வாயை மூன்று தௌ உள்பக்கமாகக் குறுக்கினேன். தௌ என்பது லேத்துக்காரர்களின் அளவு. ஒரு முடியை நீளவாக்கில் மூன்றாக வகுந்தால் அதில் ஒன்று. உள்காசை அழுத்தினால் டிக் என்று உட்காரும். பிறகு நகத்துக்கு வராது, பல்லுக்கு வராது. உள்காசு மட்டும் நுழையும் அளவில் வாய் உள்ள ஒரு பித்தளை வளையத்தின்மேல் தட்டினால் மட்டும் உள்காசு கீழே விழும். அந்த வளையத்தையும் நானே கடைந்து கொடுத்தேன்.

வீட்டிலும் எனக்குத் தௌ பேச்சுதான். சாப்பாட்டில் கைவைத்துக்கொண்டே மூன்று தௌ போதுமா என்று முணுமுணுப்பேனாம். "கொயம்புல உப்பு எத்தினி தௌ கம்மியா கீது?" என்று செல்வி கேட்பாள்.

இதற்கிடையில் இன்னொரு பயம். அரசாங்கக் காசை வெட்டினால் கேஸ் என்று யாரோ சொன்னது மண்டையில் ஏறிவிட்டது. ஷட்டரைப் பாதி இறக்கிவைத்துக்கொண்டு சாப்பாட்டு நேரத்தில்தான் செய்வேன். காசு சீவிய தூளைக் காகிதத்தில் மடித்து ஏரிக்கரையில் கொட்டிவிட்டு வருவேன். பஸ் ஸ்டாண்டில் போலீஸ் ஜீப் நின்றால் அடுத்த தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போவேன். இதை எழுதும்போதும் ஷட்டர் பாதிதான் திறந்திருக்கிறது.

பள்ளம் போட்டவன் எங்கே

காசு வித்தையின் பழைய கதையைச் சேகர்தான் சொன்னான். குதிரை வண்டிக் காலத்திலேயே வெள்ளைக்கார வித்தைக்காரர்கள் வெறும் காற்றிலிருந்து வெள்ளிக் காசாகப் பறித்துத் தொப்பிக்குள் போட்டார்களாம். கூடு காசு அப்போதே உண்டு. மடக்குக் காசும் உண்டு. காசைத் துண்டாக அறுத்து, விளிம்பைச் சுற்றி மெல்லிய பள்ளம் போட்டு, ரப்பர் வளையம் மாட்டியிருப்பார்கள். மடக்கினால் பாட்டிலின் கழுத்து வழியாக உள்ளே போகும். போனதும் பட்டென்று விரிந்து முழுக்காசாகிவிடும். அதை வெளியே எடுக்க முடியாமல் பார்ப்பவர்கள் தவிப்பார்கள்.

இரண்டு பக்கமும் தலை உள்ள காசு வந்தது. காந்தம் வைத்த காசு வந்தது. ஒற்றர்கள் குடைந்த காசுக்குள் துளியூண்டு படச்சுருளை ஒளித்து எல்லை தாண்டினார்கள். நம் பக்கத்தில் ஓட்டைக் காலணாவை நூலில் கோத்து, இரண்டு முனையையும் இரண்டு பேரைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, நடுவிலிருந்து காசைக் கழற்றுவார்கள் என்று சந்தையில் ஒருவர் சொன்னார். அந்தக் காசில் முடி அகலத்துக்கு ஒரு வெட்டு இருக்குமாம், அரக்கு வைத்து மூடியிருப்பார்களாம்.

எல்லாம் கேட்டுவிட்டு நான் சேகரிடம் கேட்டேன்: "தொப்பில காசு போட்டவன் பேரு சொன்ன. பாட்டில்ல வுட்டவன் பேரு சொன்ன. ரப்பருக்குப் பள்ளம் போட்டான் பாரு, அவன் பேரு இன்னா?"

"அத்தெல்லாம் யாருக்குண்ணே தெரியும்" என்றான் சேகர்.

அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

புள்ளலூரில் நடந்தது

ஒரு தமாஷ். ஐந்து ரூபாய்க்கு முன் பத்து ரூபாய் காசில் ஒரு கூடு செய்தோம். இரண்டு நிறம், மேடையில் பார்க்க அழகு. புள்ளலூரில் ஒரு காது குத்தில் சேகர் மைக்கைப் பிடித்து, "யாராச்சும் ஒரு பத்து ரூபா காசு குடுங்க" என்றான். ஒருத்தரிடமும் இல்லை. பத்து ரூபாய் காசு செல்லாது என்று நம் பக்கத்தில் கடையிலும் வாங்குவதில்லை, பஸ்ஸிலும் வாங்குவதில்லை. பிறகு யார் வைத்திருப்பார்கள்? கூட்டைச் செய்த எனக்கும் தோன்றவில்லை, மேடை ஏறிய அவனுக்கும் தோன்றவில்லை.

கடைசியில் ஒரு பெரியவர் மஞ்சள் பையோடு எழுந்து வந்தார். "பை ரொம்ப கீது நைனா. அல்லாத்தையும் நீயே வெச்சிக்கினு நோட்டா குடுத்துடு" என்றார். அன்று அந்த வித்தை நடக்கவில்லை. வேறு யாராக இருந்தாலும் மேடையைவிட்டு இறங்கியிருப்பான். சேகர் அந்தப் பெரியவரையே பக்கத்தில் நிறுத்திப் பேசிப் பேசிக் கூட்டத்தை அழவைத்தான், சிரிப்பில். நான் மரத்தடியில் நின்று பார்த்தேன். தோற்கும்போதும் கைதட்டு வாங்குகிறான் என்று வயிறு எரிந்தது.

வாயைத் திறக்கக் கூடாது

சேகர் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தான். "அண்ணே, யார்கிட்டயும் சொல்லக்கூடாது. அண்ணிகிட்ட கூட. அண்ணி லதாகிட்ட சொல்லும், லதா அத்தகிட்ட சொல்லும், அப்பறம் வித்த எங்க போறது?"

ஞாயம்தான். தலையாட்டிவிட்டேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஷாஃப்ட் சரியாகக் கடைந்தால் விவசாயி வந்து, தண்ணி நல்லா வருது என்று சொல்வார். இந்த வேலை மட்டும், எவ்வளவு நன்றாகச் செய்கிறேனோ அவ்வளவுக்கு யார் கண்ணிலும் படாது. செல்வி கைதட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து நானும் கைதட்டவேண்டும். வீட்டுக்கு வரும் வழியில், "இன்னா கை அது" என்று அவள் சொன்னால் ஊம் கொட்டவேண்டும்.

ஊர் மெச்ச வேண்டாம். அவளுக்கு ஒருத்திக்குத் தெரிந்தால் போதும் என்றுதான் இருந்தேன்.

மறுபடி பந்தலுக்கு

குடிபோன அன்று சாப்பாட்டுக்கு முன் சேகர் மைக்கைப் பிடித்தான்.

"அத்தே, உங்க சுருக்குப் பையில ஒரு தடி அஞ்சு ரூபா கீது. குடுங்க."

"அது சாமிக் காசு மாப்ளே. இன்னிக்கி முடியணும்னு வெச்சிகினு கீறன்" என்றார் மாமியார்.

அப்போது லதாவுக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம். குழந்தை இல்லை. திருப்பதிக்கு வேண்டிக்கொண்டு, புது வீட்டில் முதல் விளக்கேற்றும் நாளில் மஞ்சள் துணியில் காசு முடிந்துவைப்பதாக மாமியாருக்கு நேர்த்திக்கடன். முடிந்தபிறகு அந்தத் துணியை யாரும் அவிழ்க்கக் கூடாது. அப்படியே கொண்டுபோய் உண்டியலில் சேர்க்கவேண்டும்.

"சாமிகிட்ட போறதுக்கு முன்னாடி ஒரு வாட்டி நம்ம கையில வரட்டும் அத்தே" என்றான். கொடுத்தார்.

அவர் காசு அவன் பாக்கெட்டுக்குப் போனதும் இன்னும் அழுத்திப் பூட்டாத என் காசு அவன் விரலுக்கு வந்ததும் எனக்கு மட்டும்தான் தெரிந்தது. கையை மூடினான், திறந்தான். இரண்டு காசு. மறுபடி மூடினான். டிக் என்ற சத்தம் என் காதுக்கு மட்டும் கேட்டது. திறந்தான். ஒரு காசு.

மாமியார் கன்னத்தில் கைவைத்துக்கொண்டார். "ஒரு மாப்ளைக்கு வித்தக் கை. ஒரு மாப்ளைக்கு எண்ணக் கை. சாமி பாத்துப் பாத்துதான் குடுத்துகீது."

பந்தலே சிரித்தது. செல்வி தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். நான் எழுந்துவிட்டேன். சேகரின் உள்ளங்கையிலிருந்து காசைப் பிடுங்கி, முதலில் எழுதினேனே, அந்தப் பேச்சைப் பேசினேன்.

திறக்கவில்லை. வளையம் சேகரின் பேண்ட் பாக்கெட்டில் இருந்தது. அவனைப் பார்த்தேன். அவன் கை பாக்கெட்டுக்குள் போனது. அங்கேயே நின்றது. பிறகு இன்னொரு கையால் மைக்கை வாய்க்குக் கொண்டுபோனான்.

"அண்ணே சொல்றது நெசந்தாங்க. இந்தக் காசு அவரு கடைஞ்சதுதான்" என்றான்.

நிஜத்தைத்தான் சொன்னான். அதற்கு வந்த சிரிப்பில் பந்தல் துணி ஆடியது. இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டு செய்யும் தமாஷ் என்று நினைத்து விசில்கூட அடித்தார்கள்.

நான் மறுபடி காசை வாய்க்குக் கொண்டுபோனேன். "சாமிக் காச எச்சி பண்ணாதீங்க மாப்ளே" என்று மாமியார் அதை என் கையிலிருந்து வாங்கி, செம்புத் தண்ணீரில் கழுவி, மஞ்சள் துணியில் வைத்து, படத்துக்கு முன்னால் மூன்று முடிச்சு போட்டுவிட்டார்.

கூடும் உள்காசுமாக என் வேலை சாமியிடம் போய்விட்டது. அவருடைய சொந்தக் காசு சேகரின் பாக்கெட்டில்.

எட்டாம் நாள் சேகர் போன் செய்தான். "அண்ணே, ஸ்கூல் புரோகிராம் ஒன்னு வந்துகீது. அத்தகிட்ட போய்க் கேக்கவும் முடியாது. வேற ஒன்னு கடைஞ்சி குடேன்."

"எண்ணக் கைக்கு அத்தெல்லாம் வராது" என்று வைத்துவிட்டேன். அன்று முழுக்க எனக்கு நிம்மதி. அடுத்த நாளிலிருந்து அவன் புரோகிராம் கெட்டுப்போகுமோ என்று கவலை.

வெள்ளிக்கிழமை

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை காலை மாமியார் வீட்டிலிருந்து அவசரமாகக் கூப்பிட்டார்கள். யாருக்கு என்னவோ என்று பதறிக்கொண்டு செல்வியும் நானும் பஸ் பிடித்துப் போனோம்.

வீட்டில் தெருப் பெண்கள் எல்லாம் கூடியிருந்தார்கள். சாமி அலமாரியைத் துடைக்கும்போது மஞ்சள் முடிச்சு நழுவிக் கீழ்த்தட்டில் விழுந்திருக்கிறது. விழுந்த இடம் பித்தளைக் குங்குமச் சிமிழின் வாய். பிறகு ஒருநாள் யாருக்கும் தெரியாமல் அந்தச் சிமிழின் வாயை அளந்து பார்த்தேன். என் வளையத்தின் அளவுதான்.

"ஒரு காசுதான் முடிஞ்சேன். அல்லாரும் பாத்தீங்க. இப்ப தடவிப் பாருங்க" என்றார் மாமியார். முடிச்சு அவிழவில்லை. துணிக்குள் இரண்டு வட்டம் தனித்தனியாகத் தெரிந்தது.

"ரெண்டு. ரெட்டப் புள்ளதான்" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

லதா அலமாரிக்குக் கீழே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். ஏழு வருஷமாக எந்த விசேஷத்திலும் முன்னால் வராமல் சமையற்கட்டில் நின்றுகொள்கிறவள். மூன்று பெண்கள் அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தார்கள்.

இந்த முறை நகம் வேண்டாம், வளையம் வேண்டாம். முடிச்சை அவிழ்த்துக் கொட்டினால் கூடு தனி, உள்காசு தனி. என் வேலையை ஊரே பார்க்கும். செல்வி பார்ப்பாள்.

சேகர் வாசற்படியில் நின்றிருந்தான். இஸ்திரி போடாத சட்டை. அவன் என்னைப் பார்க்கவில்லை, லதாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். கைகள் சும்மா தொங்கின. அந்தக் கைகள் ஒன்றும் செய்யாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை.

"துணி தளந்துகீது மாப்ளே. நீங்க மேல ஒரு முடிச்சி போடுங்க. உங்க கைதான் இறுக்கம்" என்று மாமியார் முடிச்சை என்னிடம் நீட்டினார். நடுவில் செல்வி அதை வாங்கினாள். கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தாள். அவள் விரல் ஓரிடத்தில் நின்றது. கூட்டின் விளிம்பு அது, எனக்குத் தெரியும். பிறகு என் கையில் வைத்தாள்.

கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினால் டிக் என்று மறுபடி ஒன்றாகிவிடும். அவிழ்த்தால் உண்மை தெரிந்துவிடும். இரண்டு காசும் உரசாமல் விரலை நடுவில் விட்டுப் பிடித்துக்கொண்டு, மேலே ஒரு முடிச்சு போட்டேன். அடுத்த வாரமே மாமியார் அதைத் திருப்பதி உண்டியலில் போட்டுவிட்டு வந்தார்.

சேகர்மேல் இருந்த பொறாமை அன்று போய்விட்டது என்று எழுதினால் பொய். கூட ஒரு ஆள் சேர்ந்தார், அவ்வளவுதான். என் வேலைக்கு இப்போது சாமி பெயர் வாங்கிக்கொண்டிருந்தார்.

பஸ்ஸுக்கு நடந்தோம். வயலில் நாற்று வாடை. செல்வி எனக்கு முன்னால் நடந்தாள். பஸ் நிறுத்தத்துப் புளியமரத்துக்கு வந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"வாய எத்தினி தௌ குறுக்கின?"

"மூணு" என்றேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "நாலு வெச்சிருந்தா வுயுந்தாலும் தெறந்திருக்காது" என்றாள்.

வேலையில் குறைதான். பஸ் வரும்வரை அதையே நினைத்துக்கொண்டு நின்றேன்.